பொது நூலகத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தப் போகிறவர்களுக்கு

எங்கள் பகுதிப் பொது நூலகத்தில் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் தமிழில் கதை சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்ட நாளிலிருந்து நிகழ்ச்சி நடந்த நாள் வரை ஏழு மாதம் ஓடிவிட்டது. வரிசை தெரிந்திருந்தால் மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நூலகத்தில் பேசிய எல்லோருமே உதவத்தான் நினைத்தார்கள். ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாள் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "வரவிருக்கும் நிகழ்ச்சிகள்" என்று இன்று நூலகப் பலகையில் தெரிவதெல்லாம் இரண்டு, மூன்று மாதம் முன்பே முடிவானவை. அதனால் நிகழ்ச்சி நாளை வைத்துப் பின்னோக்கித்தான் கணக்குப் போட வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. விதிகள் நூலகத்துக்கு நூலகம் மாறும். நான் சொல்வதை, போய்க் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் இரண்டு நிகழ்ச்சிக்குப் பார்வையாளராகப் போங்கள்

நூலகச் செய்திகள் பொதுவாக நான்கு இடத்தில் கிடைக்கும்: வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகை, கவுண்டரில் அடுக்கி வைத்திருக்கும் மாதப் பட்டியல், மின்னஞ்சலில் வரும் செய்திமடல், இணையதளத்தில் உள்ள நாட்காட்டி. நான்கும் எப்போதும் ஒத்துப்போகாது. அச்சடித்த தாள் அடித்த நாளோடு நின்றுவிடும். நேரம் மாறினாலோ ரத்தானாலோ திருத்தம் முதலில் இணைய நாட்காட்டியில்தான் ஏறும். பலகையை நம்பிப் போய்ப் பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். கிளம்பும் முன் நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள்.

"அனுமதி இலவசம்" என்றால் பதிவு தேவையில்லை என்று பொருள் இல்லை. சின்ன அறையில் நடக்கும் குழந்தைகள் நிகழ்ச்சி, கைவினை, கணினிப் பயிற்சி போன்றவற்றுக்கு முன்பதிவு கேட்பார்கள். இடம் நிரம்பியிருந்தால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். இலவச நிகழ்ச்சிகளில் கடைசி நேரத்தில் நிறைய இடம் காலியாகும். அதேபோல் உங்களால் போக முடியாவிட்டால் பதிவை ரத்து செய்யுங்கள். உங்கள் நாற்காலிக்காக ஒரு தாயும் பிள்ளையும் வீட்டில் காத்துக்கொண்டிருக்கலாம்.

அங்கே போனதும் அறையையும் நன்றாகப் பாருங்கள். எத்தனை நாற்காலி இருக்கிறது, மைக் இருக்கிறதா, பிளக் பாயின்ட் எந்தச் சுவரில், திரைக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறதா, நூலகம் மூடப்போவதாக எத்தனை மணிக்கு அறிவிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் படிவம் நிரப்பும்போது இதெல்லாம் தேவைப்படும்.

2. உறுப்பினர் அட்டையை வாங்கிவிடுங்கள்

அட்டை இல்லாமலும் பல நிகழ்ச்சிகளுக்குப் போகலாம். நடத்த வேண்டுமென்றால் அட்டை எண் கேட்பார்கள். புகைப்படம் உள்ள ஓர் அடையாளச் சான்று, இப்போதைய முகவரிக்கு ஒரு சான்று, இந்த இரண்டும்தான் வழக்கமாக வேண்டும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இரண்டாவதுதான் சிக்கல். வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, வங்கியிலிருந்து வந்த கடிதம், இவற்றில் எது செல்லும் என்று கேளுங்கள். எதுவுமே இல்லையென்றால் தற்காலிக அட்டை உண்டா என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள். இரண்டு சான்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்க வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்ததால் நான் இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் அட்டைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும்.

பொது நூலகச் சேவை அடிப்படையில் கட்டணமின்றி இருக்க வேண்டும் என்கிறது யுனெஸ்கோவும் இஃப்லா எனும் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பிரகடனம். 2022இல் திருத்தியபோதும் இதை மாற்றவில்லை. இருந்தாலும் சில இடங்களில் திருப்பித் தரும் வைப்புத்தொகை வாங்குவார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரசீது இல்லாமல் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம்.

3. கவுண்டரில் கேட்காதீர்கள், பொறுப்பாளரைத் தேடுங்கள்

என் ஏழு மாதத்தில் பாதி இங்கேதான் போனது. கவுண்டரில் இருப்பவரிடம் "இங்கே ஒரு நிகழ்ச்சி நடத்தணும்" என்றேன். அவர் அன்போடு அரங்க முன்பதிவுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். நானும் நிரப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன். அறை கிடைத்தது. ஆனால் நூலக நாட்காட்டியில் என் நிகழ்ச்சி வரவே இல்லை.

அதன் பிறகுதான் இதில் இரண்டு வழி இருப்பது தெரிந்தது. ஒன்று, அறையை நீங்கள் எடுத்து நடத்துவது. அப்போது நிகழ்ச்சி உங்களுடையது, நூலகம் இடம் மட்டும் தருகிறது. வாடகையோ முன்பணமோ இருக்கலாம், விளம்பரம் உங்கள் பொறுப்பு, "இது நூலகத்தின் நிகழ்ச்சி அல்ல" என்று நோட்டீஸில் போடச் சொல்வதும் உண்டு. இன்னொன்று, நூலகத்தோடு சேர்ந்து நடத்துவது. இதில் அறைக்குப் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை, நாட்காட்டியிலும் செய்திமடலிலும் பெயர் வரும், ஊழியர் ஒருவர் கூட இருப்பார். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையது. வேண்டாம் என்றும் சொல்லலாம்.

குடும்ப விழா, சங்கக் கூட்டம் போன்றவற்றுக்கு முதல் வழி. எல்லோரும் வரக்கூடிய கதை நேரம், வாசகர் வட்டம், எழுத்துப் பயிற்சி போன்றவற்றுக்கு இரண்டாவது வழியைக் கேளுங்கள். அதற்கு ஆள் வேறு. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பார். குழந்தைகள் நிகழ்ச்சி என்றால் குழந்தைகள் பிரிவு நூலகரே அந்த வேலையைப் பார்ப்பார். கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "நிகழ்ச்சிகளை முடிவு செய்யறவர் யாருங்க? அவரை எந்த நாள், எந்த நேரத்தில் பார்க்கலாம்?"

4. மூன்று தேதிகளோடு போங்கள்

கடைசியில் சரியான ஆளைக் கண்டுபிடித்து உட்கார்ந்தபோது அந்த நூலகர் தன் மேசை டைரியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சனிக்கிழமை எல்லாம் பென்சிலில் நிரம்பியிருந்தன. சில பெயர்கள் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தன. "பேனாவில இருக்கிறது உறுதியானது. பென்சில்ல இருக்கிறவங்க இன்னும் பேப்பர் கொடுக்கலைங்க" என்றார். ஒரு பென்சில் பெயரின் மேல் விரலை வைத்து, "நீங்க வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்தா இந்த இடம் உங்களுக்கு" என்றார். வாய்ப்பேச்சில் கிடைக்கும் தேதி பென்சில்தான் என்பதை அன்று புரிந்துகொண்டேன். தாளைக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கும்வரை யாரையும் அழைக்காதீர்கள்.

சில நாட்கள் மிகச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பிப்ரவரி 21 பன்னாட்டுத் தாய்மொழி நாள், ஏப்ரல் 2 பன்னாட்டுக் குழந்தைகள் புத்தக நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், செப்டம்பர் 8 பன்னாட்டு எழுத்தறிவு நாள். இவற்றையொட்டிய வார இறுதிகளுக்குப் போட்டி அதிகம். பள்ளி விடுமுறைக்கும் அப்படித்தான். புதியவர்கள் எல்லோரும் அந்த நாளையே கேட்பார்கள். நீங்கள் அதற்கு இரண்டு வாரம் தள்ளிக் கேளுங்கள். நூலகருக்கும் அப்போது மூச்சுவிட நேரம் இருக்கும்.

கிழமையும் முக்கியம். பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வார நாள் காலை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையோ சனிக்கிழமையோ, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை. கையிருப்புக் கணக்கெடுப்புக்காக நூலகம் மூடும் நாட்கள் எவை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பொது விடுமுறைப் பட்டியலில் அது இருக்காது.

5. ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுங்கள்

பத்துப் பக்கத் திட்டம் வேண்டாம், படிக்க நேரம் இருக்காது. தலைப்பு, யாருக்கு (வயதோடு), எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த மொழியில், நூலகம் தர வேண்டியவை, நீங்கள் கொண்டு வருபவை, மூன்று தேதிகள், உங்கள் தொலைபேசி எண். இவ்வளவு போதும்.

என் குறிப்பை நூலகர் சட்டென்று ஏற்றுக்கொண்டதற்குக் கடைசியில் நான் சேர்த்த ஒரு சின்னப் பட்டியல்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த நூலகத்தின் அடுக்கில் ஏற்கெனவே இருந்த எட்டுப் புத்தகங்களின் பெயரையும் அவற்றின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி முறையைப் பின்பற்றும் நூலகமாக இருந்தால் நாட்டுப்புறக் கதைகள் 398.2இல் இருக்கும், தமிழ் இலக்கியம் 894.811இல் இருக்கும், கதை சொல்லும் கலை பற்றிய நூல்கள் 808.543இல் இருக்கும். நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் போகும்போது புத்தகம் எடுத்துப் போக வேண்டும் என்பதே நூலகரின் ஆசை. அன்று அறைக்கு வெளியே ஒரு மேசையில் அந்த எட்டையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். முடிந்தபோது மூன்றுதான் மேசையில் மிச்சம் இருந்தன.

6. ஆவணங்கள்: அதிக நாள் எடுப்பதை முதலில் தொடங்குங்கள்

குழந்தைகள் நிகழ்ச்சி என்றால் நன்னடத்தைச் சரிபார்ப்பு, அதாவது குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான சான்று, கேட்கும் இடங்கள் உண்டு. வாரக்கணக்கில் ஆகும் வேலை இது. தேதி பென்சிலில் ஏறிய அன்றே விண்ணப்பியுங்கள். கூட உதவிக்கு வரும் தன்னார்வலர்களுக்கும் வேண்டுமா என்று கேளுங்கள். எனக்கு மட்டும் வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். உதவிக்கு வந்த தோழியைப் பிள்ளைகள் பக்கம் உட்கார விடவில்லை.

அடுத்து, புத்தகத்தை உரக்கப் படிக்கும் உரிமை. ஒரு கதையைச் சொந்த வார்த்தையில் சொல்லும்போது அது யாருக்கும் சொந்தமில்லாத நாட்டுப்புறக் கதையாக இருந்தால் கவலை இல்லை. பதிப்பில் உள்ள ஒரு நூலை முழுக்க வாசிப்பதாக இருந்தால் நிலைமை வேறு. ஆசிரியர் மறைந்து குறைந்தது 50 ஆண்டுகள்வரை காப்புரிமை இருக்க வேண்டும் என்பது காப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் பொது விதி. பல நாடுகளில் அது 70 ஆண்டு. பழைய ஆசிரியரின் நூலாக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஓவியருக்கும் தனி உரிமை உண்டு, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பதிப்பகத்துக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள்: எந்த நூல், எங்கே, எத்தனை பேர், கட்டணம் இல்லை, ஒளிப்பதிவு செய்வோமா இல்லையா. எனக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது. வந்த பதிலை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். நேரில் வாசிக்க அனுமதி கிடைத்தால் அதை இணையத்தில் ஏற்றவும் அனுமதி கிடைத்ததாக ஆகாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

திரைப்படம் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. கடையில் வாங்கிய டிவிடியும், வீட்டில் பார்க்கும் இணையச் சந்தாவும் பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. திரையிடல் உரிமம் தனி. நூலகத்திடமே அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

புகைப்படம் எடுப்பதற்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். படிவத்தை நூலகமே வைத்திருக்கும். வாசலிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். சம்மதிக்காதவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வண்ண ஒட்டியைச் சட்டையில் ஒட்டிவிட்டால் படம் எடுப்பவருக்குத் தெரியும்.

அறையை வாடகைக்கு எடுக்கும் வழியில் போகிறவர்களிடம் யாருக்காவது காயமோ சேதமோ நேர்ந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் கேட்கலாம். இதையும் தேதி கேட்கும்போதே விசாரியுங்கள்.

7. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

அறை இலவசம் என்றதும் செலவே இல்லை என்று தோன்றும். வழக்கமான நேரம் தாண்டி நூலகத்தைத் திறந்து வைத்தால் ஊழியரின் கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்பார்கள். துப்புரவுக்கான முன்பணம், ப்ரொஜெக்டர் வாடகை, வண்ண அச்சு, இவையும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டு, ஒரே பதிலில் வாங்கிவிடுங்கள்.

நீங்கள் பணம் வாங்கலாமா என்பதும் ஒரு கேள்வி. நூலகத்தோடு சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சியில் நுழைவுக் கட்டணம் வாங்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். உங்கள் சொந்தப் புத்தகத்தை விற்பதற்கும் தனி அனுமதி வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். சில அறைகளில் தண்ணீர் தவிர எதுவும் கூடாது.

8. செய்தி அனுப்பும் நாளைத் தவறவிடாதீர்கள்

செய்திமடல் மாதத்தின் முதல் நாள் வருகிறது என்றால் அதற்கான விவரம் அதற்கு முந்தைய மாதத்தின் முதல் பாதியிலேயே கேட்கப்படும். அச்சுப் பட்டியலுக்கு இன்னும் முன்னால். "உங்களுக்கு எப்போது வேண்டும்?" என்று பொறுப்பாளரிடம் கேட்டு, அதற்கு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். ஒரே ஒரு நாள் தாமதித்ததால் என் முதல் அறிவிப்பு அந்த மாத மடலில் வரவில்லை. அறை கிடைத்தும் நிகழ்ச்சியை அடுத்த மாதத்துக்குத் தள்ள வேண்டியதாகிவிட்டது.

அறுபது சொல்லுக்குள் எழுதுங்கள். தேதியோடு கிழமையும் இருக்கட்டும், இரண்டும் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். எந்தத் தளம், எந்த அறை, பதிவு வேண்டுமா, எந்த வயது, எந்த மொழி என்பவை விடுபடக் கூடாது.

தமிழில் அறிவிப்பு தருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கத்தை அப்படியே அனுப்பினால் அங்கே வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். யூனிகோடில் அனுப்புங்கள். அப்போதும் சுவரொட்டி செய்யும் மென்பொருள் சில தமிழைச் சரியாகக் கோக்காது. "கொண்டாட்டம்" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்தது. தமிழ் தெரியாதவர் வடிவமைத்தால் அவர் கண்ணுக்கு அது தவறாகவே தெரியாது. அதனால் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பு ஒன்றையும், அதையே படமாகவும் சேர்த்து அனுப்புங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதியைக் காட்டும்படி கேளுங்கள். தயங்க வேண்டாம், இது வழக்கமாகக் கேட்பதுதான்.

சுவரொட்டியை நீங்களே பலகையில் ஒட்டிவிடாதீர்கள். நூலக முத்திரை இல்லாத தாளைக் கிழித்துவிடுவார்கள்.

9. அன்றைக்கு

இரண்டு மணி முதல் நான்கு மணி வரை அறை என்றால், நாற்காலி போடுவதும் எடுத்து அடுக்குவதும் அதற்குள்ளேயே அடங்கும். அறிவிப்பில் தொடக்கத்தை இரண்டரை என்று போடுங்கள், மூன்றரைக்கு முடித்துவிடுங்கள். உங்கள் மடிக்கணினியை ப்ரொஜெக்டரோடு இணைக்கும் கேபிள், ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், படங்களின் பிரதி உள்ள பென்டிரைவ், இவை பையில் இருக்கட்டும். முதல் முறை எனக்கு 30 பேர் பதிவு செய்திருந்தார்கள், 17 பேர் வந்தார்கள். நாற்காலியை வட்டமாகப் போட்டிருந்ததால் அறை வெறிச்சோடித் தெரியவில்லை. ஓர் ஓரத்தில் யாருடைய பிள்ளையோடும் வராத ஒரு பெரியவர் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். வயது வரம்பு போட்டிருந்தாலும் அப்படி வருகிறவர்களை என்ன செய்வது என்று ஊழியரிடம் முன்பே பேசி வையுங்கள். அந்த முடிவு அவர்களுடையது.

உடம்பு சரியில்லாமல் போனால் யாருக்கு அழைக்க வேண்டும் என்று ஓர் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொது எண்ணில் அழைத்தால் நூலகம் திறக்கும்வரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

10. முடிந்த இரண்டு நாளுக்குள்

வந்தவர்களின் தலைக்கணக்கைப் பெரியவர், குழந்தை என்று பிரித்துப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். நூலகம் தன் ஆண்டறிக்கையில் இந்த எண்ணைச் சேர்க்கும். ஊழியரும் எண்ணியிருப்பார், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சம்மதப் படிவங்களை அவர்களிடமே ஒப்படையுங்கள், வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறும் நாளைக் கேளுங்கள். அதே மின்னஞ்சலின் கடைசி வரியில் அடுத்த பருவத்துக்கான நாட்காட்டி எந்தத் தேதியில் மூடுகிறது என்றும் கேட்டுவிடுங்கள்.